சாம்பல் குதிரைக்கு ஒரு மேல்முறையீடு

அன்புள்ள மகன் எர்நிஸுக்கு,

யாகுட்ஸ்க் குளிரில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். இங்கே நானும் நாயும் சுகம், வேறு யாருடைய நலத்தை எழுதுவது என்று தெரியவில்லை. எட்டு வருடத்துக்கு முன் நம் ஊர்ப் பெரியவர்கள் பள்ளிக்கூட பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்க, நீ எழுந்து நின்று என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாய். “அப்பா, நீங்க என்ன சொல்றீங்க?” அவ்வளவுதான் கேட்டாய். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் நீ “சொல்லுங்க” என்றதும் நான் பனி எவ்வளவு பெய்தது என்று பேசி வைத்துவிடுகிறேன்.

நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் என் பக்கத்தை முழுதாக எழுதுகிறேன். பெய்ஷெனாலி மாமாவின் சாம்பல் குதிரை மேய்ச்சலிலிருந்து திரும்பவில்லை, அன்று மந்தையோடு போனவன் நீ, அவர் உன்மேல் புகார் கொடுத்தார். பெரியவர்கள் அவரிடம் என்ன செய்தால் ஒத்துக்கொள்வாய் என்று கேட்டபோது, “வாத்தியார் சொல்லட்டும், அவர் பொய் சொல்ல மாட்டார்” என்றார். அப்போதுதான் நீ கேட்டாய். நான், “நான் அங்கே இல்லை, எனக்குத் தெரியாது” என்றேன். முப்பத்தெட்டு வருடம் வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்தது அதுதானே. ஜன்னல் கண்ணாடி உடைந்தால் முதலில் கேட்பேன், “யார் பாத்தீங்க? பாக்காதவங்க கையை இறக்குங்க.” அன்று நானும் கையை இறக்கினேன், நியாயமாக நடந்துகொண்டேன் என்றே நினைத்தேன். நம் செங்குதிரையைப் பதிலுக்கு ஓட்டிப் போனார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது உன் அம்மா, “ஒரு வார்த்தை சொன்னா நாக்கு தேஞ்சா போயிடும்?” என்று கேட்டாள். அடுத்த வாரம் நீ கிளம்பிவிட்டாய். அவள் அடக்கத்துக்கு வந்தபோதும் மூன்றே நாள்தான் இருந்தாய். செங்குதிரையின் கடிவாளம் இன்னும் வாசல் ஆணியில்தான் தொங்குகிறது, அவள் மாட்டியது, எடுக்க மனம் வரவில்லை.

இப்போது வாரத்தில் மூன்று நாள் வேனில் நாரின் நகரத்துக்குப் போகிறேன். அங்கே ஆவணக் காப்பகத்தில் ஷாய்ர்குல் இருக்கிறாள், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். ஜார் காலத்து மேல்முறையீட்டுத் தாள்கள் பதினொரு கட்டு அவளிடம் கிடக்கின்றன, எல்லாம் பழைய அரபு எழுத்து. அந்த எழுத்துக்குத் தடை இருந்த காலத்தில் என் அப்பா அதை எனக்குக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிக்கொடுத்தார், அது இப்போது உதவுகிறது. யார் யார்மேல் எதற்காக வழக்குப் போட்டார்கள் என்று படித்து அட்டையில் எழுதுவது என் வேலை. “வாத்தியாரே, செத்தவங்க எழுதினதையும் திருத்திடாதீங்க, சிவப்புப் பேனாவை வீட்டுலயே வெச்சிட்டு வாங்க” என்று கேலி செய்கிறாள். உண்மையைச் சொன்னால், அங்கே அடுப்பு எரிகிறது, சாப்பிட்டீர்களா என்று கேட்க ஒருத்தி இருக்கிறாள், அதற்காகத்தான் போகிறேன்.

போன மாதம் ஒரு தாள் கிடைத்தது. ஒஸ்மோன் என்பவன் இரண்டு குதிரை திருடினான் என்று வழக்கு. அந்தக் காலத்தில் குற்றம் சாட்டப்பட்டவன் தனக்காகத் தானே சத்தியம் செய்ய முடியாது. அவன் உறவில் நாணயமானவர் என்று பேர் எடுத்த ஒருவரை எதிராளியே தேர்ந்தெடுப்பான், அவர் சத்தியம் செய்தால் விடுதலை, மறுத்தால் இவன் திருடன். ஒஸ்மோனுக்கு அவன் சித்தப்பா பாய்திக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். கீழ் நடுவர் முன்னால் பாய்திக் வாயே திறக்கவில்லை, ஒஸ்மோன் தோற்றுவிட்டான். அவன் விடாமல் பல ஊர் நடுவர்கள் கூடும் பெரிய சபைக்கு மேல்முறையீடு செய்தான், எதிராளி அங்கேயும் அதே சித்தப்பாவைத்தான் கேட்டான். இந்த முறை அவர் சத்தியம் செய்கிறேன் என்றார். நடுவர் விடவில்லை. “நீ அங்கே இருந்தியா?” “இல்லை.” “குதிரை எங்க போச்சுன்னு தெரியுமா?” “தெரியாது.” “அப்ப எதை வெச்சு சத்தியம் பண்ற?” பாய்திக் சொன்னதை எழுத்தர் அப்படியே எழுதி வைத்திருக்கிறார். “குதிரையைப் பத்தி எனக்குத் தெரியாதுங்க. இவனைத் தெரியும். போன தடவை நான் குதிரையையே யோசிச்சுக்கிட்டு நின்னுட்டேன்.” பிறகு அந்தக் காலச் சத்திய முறைப்படி தன் தகப்பன் கல்லறையை மூன்று முறை சுற்றி வந்தார், ஒஸ்மோனை விட்டுவிட்டார்கள்.

அதற்குமேல் என்னால் படிக்க முடியவில்லை. ஷாய்ர்குல் அடுப்புப் புகையா வாத்தியாரே என்று கேட்டாள், ஆமாம் என்றேன். எர்நிஸ், யார் பார்த்தது என்று அன்று யாரும் என்னைக் கேட்கவே இல்லை. உன்னைப் பற்றித்தான் கேட்டார்கள். நான் குதிரையைப் பற்றிப் பதில் சொல்லியிருக்கிறேன். ஆறு வயதில் வழியில் கிடந்த ஒரு லாடத்தை எடுத்துக்கொண்டு, இது யாருடையது என்று வீடு வீடாகக் கேட்டு இருட்டும்வரை அலைந்தவன் நீ. அதை நான் கண்ணால் பார்த்தேனே, அதை ஏன் சொல்லவில்லை?

போன வெள்ளிக்கிழமை பெய்ஷெனாலி மாமா வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும், “என்ன வாத்தியாரே, எட்டு வருஷம் கழிச்சு வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டு வந்திருக்கீங்களா?” என்றார். ஆமாம் என்று சொல்லி, நின்றபடியே, என் மகனை எனக்குத் தெரியும், அவன் எடுக்கவில்லை, என் உயிர்மேல் சொல்கிறேன் என்றேன். அதற்கு அவர் சொன்னதை ஒளிக்காமல் எழுதுகிறேன். “அன்னைக்கு எனக்கு அவன்மேல சந்தேகம்தான். உங்க வாயையே பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க தெரியாதுன்னு சொன்ன பிறகுதான் நான் நம்பினேன்.” அந்தக் குதிரை என்ன ஆனது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது, எனக்கும் தெரியாது. தேநீரைப் பாதிப் பாதிக் கிண்ணமாகவே ஊற்றிக்கொண்டிருந்தார், நிறைத்துக் கொடுத்தால்தானே கிளம்பு என்று அர்த்தம், அவர் கிளம்பச் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு ஊர் கூடும்போது இன்னொரு முறை எல்லார் முன்னாலும் சொல்லுங்கள் என்றார், சொல்லப் போகிறேன். ஆனால் முதலில் கேட்டவன் நீ, ஊர் கேட்கும் முன் என் பதிலைக் கேட்க வேண்டியவனும் நீதான்.

உன் அம்மா பின்னிய கம்பளிக் காலுறையை, நாளை விமானத்தில் அங்கே வரும் ஷாய்ர்குலின் தம்பியிடம் இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்புகிறேன், ஈரமான பூட்ஸைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகாதே. கடவுள் உன் வழியைத் திறந்து வைக்கட்டும், உனக்குப் பக்கத்தில் நல்ல மனிதர்கள் இருக்கட்டும். வியாழக்கிழமை சாயங்காலம் கூப்பிடுகிறேன். போனை எடுத்ததும் “சொல்லுங்க” என்று சொல்லாதே, அன்று கேட்ட கேள்வியையே இன்னொரு முறை கேட்டுப் பார்.

உன் அப்பா,
ஜூமாகாஸி