படகு வண்டியின் பிரேக் கயிறு

அண்ணே, இன்று பஸ் ஸ்டாண்டில் மலையிறங்கி வந்த பஸ் ஒன்று என் பக்கத்தில் நின்றது. பிரேக் கருகிய வாடை குப்பென்று அடித்தது. பூப்பையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, இத்தனை நாள் இந்த வாடைக்குள்ளா ஒளிந்திருந்தாய்?

ஆத்தூர் அணைக்கு மீன்பிடிக்கவென்று நீயும் என் வீட்டுக்காரரும் சின்னப் படகு வாங்கிய காலம். கரையில் விட்டால் களவு போகும் என்று, அதை வீட்டுக்குக் கொண்டுவர இரண்டு சக்கர வண்டி ஒன்று செய்தீர்கள். இழுப்பதற்கு வாடகை ஜீப். வண்டிக்கு எந்த பிரேக் என்பதில்தான் உங்களுக்குள் அம்புட்டு சண்டை!

"பிரேக் கயித்தை ஜீப்புக்குள்ள விட்டுருவோம் மச்சான். டிரைவரே இழுத்துக்கிருவான்" என்றார் இவர்.

நீயா கேட்பாய்? மாட்டுவண்டிக்குப் போடுவதுபோல, டயரை அழுத்த ஒரு புளியங்கட்டை, அதை இறுக்க வண்டியோடு நடப்பவன் கையில் ஒரு கயிறு என்று ஒற்றைக்காலில் நின்றாய்.

"அதுக்குன்னு ஒரு ஆளை நடக்க விடவா?" என்று நானும் கேலி செய்தேன்.

"நான் நடக்குறேன். முன்னாடி போறவனுக்குப் பின்னாடி தள்ளுறவன் தெரியமாட்டான், ஆத்தா."

ஒரு சாயங்காலம். ஜீப் கரைமேட்டில் முக்கி ஏறியது. இவர் பின்னாலிருந்து படகைத் தள்ள, நீ கயிறோடு பக்கத்தில் நடந்தாய். உச்சிக்குப் பக்கத்தில், வண்டியை ஜீப்போடு மாட்டிய கொக்கி தெறித்தது. ஜீப் தன் பாட்டுக்குப் போய்விட்டது, படகோடு வண்டி பின்னால் உருண்டது. இவர் கால் இடறிச் சரிவில் விழுந்தார். நான் மேட்டை நோக்கி ஓடினேன். நீ கயிற்றைக் கையில் சுற்றி, மண்ணில் குந்தி இழுத்தாய். கட்டை டயரைக் கவ்வி, ரப்பர் கருகி, இவர் தலைக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. கயிறு ஜீப்புக்குள் இருந்திருந்தால் அதுவும் அறுந்து போயிருக்கும்.

உன் உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியது. நீயோ, "எந்திரி மாப்ள, படகுக்கு ஒண்ணும் ஆகல" என்கிறாய்! படகாம் படகு. அழுதுகொண்டே உன்னைத் திட்டினேன்.

உன்னைப் பெட்டியில் வைத்தபோது, ஜெபமாலை சுற்றிய அந்தக் கையின் தழும்பைத் தடவிப் பார்த்தேன். கோயில் படியில் பெட்டியை ஏற்றும்போது இவரை முன்னால் வரச் சொன்னார்கள். வயசாளி, பின்பக்கம் பாரம் இறங்கும் என்று. இவர் அசையவில்லை.

"நான் பின்னாடியே நிக்கிறேன். மச்சான் இருக்காருல்ல" என்றார்.

இப்போது வீட்டுக்குள் நுழைகிறேன். "ஒரு காப்பிக்கு இம்புட்டு நேரமா காத்துக் கெடக்குறது?" என்று சத்தம் போடுகிறார். நானும் விடுவேனா? தினமும் சண்டை போட எனக்கு ஆள் இருக்கிறது, அண்ணே. அது நீ கொடுத்த சீதனம்.