அவருக்கு வாசித்த வியாபாரப் புத்தகம்

1946 ஆவணி, செவ்வாய் இரவு

இன்று அவர் சிரித்தார். கண்பார்வை போன பிறகு இதுதான் முதல் தடவை.

வியாபாரம் பெருக வழி சொல்லும் புத்தகம் ஒன்றை அவருடைய சிநேகிதர் கொடுத்திருந்தார். தினமும் சாயங்காலம் வாசித்துக் காட்டுகிறேன். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல வாசிப்பேன்; அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். எங்கள் கருப்பட்டிக் கடையை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று போன வாரம் சொன்னார்.

இன்றைய பாடம், கடைக்கு வருகிறவர்களிடம் பேசும் முறை. எனக்கே கொட்டாவி வந்தது. புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, வாசிப்பது போலவே நானாகச் சொன்னேன். "கீழவைப்பார்க் கருவாட்டுக்காரி ஒருத்தி கடைக்கு வாரா. 'ஏ அண்ணாச்சி, இது கருப்பட்டியா, கல்லா?'ங்கா."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "கடைக்காரன் என்ன சொல்லுதான்?"

"'கடிச்சுப் பாரு தாயி. பல்லு போச்சுன்னா கல்லு'ங்கான்."

அப்போதுதான் சிரித்தார். பிறகு மெல்லக் கேட்டார். "ஏளா, புத்தகம் எழுதுனவனுக்குக் கீழவைப்பார்க்காரிய எப்படித் தெரியும்?"

மடியில் கிடந்த புத்தகத்தை எடுத்து மூடி வைத்தேன்.

"இருக்கட்டும். நாளைக்கு என்னையக் கடைக்குக் கூட்டிட்டுப் போ. பக்கத்துல இருந்து, யாரு வாரா, மூஞ்சி எப்படி இருக்குன்னு இதே மாதிரி சொல்லு. யாவாரத்த நான் பாத்துக்கிடுதேன்."

நான் கடையில் உட்கார்ந்ததே இல்லை. ஊர் என்ன சொல்லுமோ.

என் இடது கையைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார். விடுவிக்க மனமில்லை. தாளை அழுத்திப் பிடிக்க முடியாமல் வரி கோணுகிறது. கோணட்டும்.