குத்துச்சண்டைக்கு நான் எழுதிய பொருள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. போனில் பேசினால் சிக்னல் இல்லை என்று பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்திடம் அந்தச் சாக்கு செல்லாது. அதனால்தான் கூரியர்.

முதலில் ஆபீஸ் வம்பு. நாங்கள் தொகுக்கும் அகராதி 'கு' எழுத்துக்கு வந்துவிட்டது. குத்துச்சண்டை என்ற சொல்லுக்குப் பொருள் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. தம்பி குத்துச்சண்டைக்காரன் என்பதால் எனக்கு எல்லாம் அத்துப்படியாம். உன் முதல் போட்டியில் மணி அடித்ததுமே நான் மயங்கி விழுந்து, உனக்கு வைத்திருந்த ஐஸ்கட்டியால் எனக்கு ஒத்தடம் கொடுத்த கதை அங்கே யாருக்கும் தெரியாது. நீயும் மூச்சு விடாதே.

சொல்லின் பிறப்பைத் தேடினேன். நம் சொல்லில் ஒளிவுமறைவே இல்லை. குத்தையும் சண்டையையும் ஒட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். முஷ்டி யுத்தம் என்றும் எழுதியிருக்கிறார்கள். முஷ்டி என்றால் மடக்கிய கை. லத்தீன்காரர்களும் மடக்கிய கையிலிருந்துதான் தங்கள் சொல்லைச் செய்துகொண்டார்கள். பாக்ஸிங்குக்கு மட்டும் மூலம் நிச்சயமில்லை என்று பெரிய பெரிய அகராதிகளே கைவிரித்துவிட்டன. நான் புரட்டியவரை சொல்லுக்குள் குத்துகிற கைதான் இருக்கிறது. குத்து வாங்குகிற முகம் எதிலும் இல்லை.

வேறு நாளாக இருந்தால் இதை வைத்தே ஆபீஸை ஒரு வாரம் சிரிக்க வைத்திருப்பேன். ஆனால் திங்கட்கிழமை, கண் ஆஸ்பத்திரியிலிருந்து, நீ அங்கே கொடுத்திருந்த என் வீட்டு விலாசத்துக்கு, உன் பேருக்கு ஓர் உறை வந்தது. பக்கத்து வீட்டுக் கடிதத்தையே வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறவள், உன்னுடையதை விடுவேனா? பிரித்துவிட்டேன். இடது கண் விழித்திரையில் கிழிசல். நேரில் சொல்லியும் நீ சிகிச்சைக்கு வராததால் எழுதுகிறார்களாம். தலையில் ஓர் அடிகூடப் படக் கூடாது, பட்டால் பார்வை போகலாம் என்று டாக்டர் அடிக்கோடு போட்டிருக்கிறார். நீ என்னிடம் டாக்டர் ஒன்றுமில்லை என்றார் என்றாய். உன் மனைவியிடமும் அதே கதைதான் என்று நேற்று அவள் பேச்சிலிருந்து தெரிந்துகொண்டேன். நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

உறை வந்த அன்றைக்குத்தான் பொருள் எழுதினேன். "இருவர் கையுறை அணிந்து, விதிகளுக்கு உட்பட்டு, கையை மடக்கிக் குத்திக்கொள்ளும் போட்டி, எவரும் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்." எங்கள் பதிப்பாசிரியர், என்னைவிடச் சின்னவர், கடைசி வரியைச் சிவப்பில் அடித்தார். "அக்கா, இது பொருள் மாதிரி இல்லையே, யாரையோ கெஞ்சுற மாதிரில்ல இருக்கு" என்றார். மறுபடி அதையே எழுதிக் கொடுத்தேன். மறுபடி அடித்தார். மூன்றாம் தடவை அவர் பேனாவை எடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "யாருக்கு என்னாச்சு?" என்று மட்டும் கேட்டார். சளி என்று சொல்லி மூக்கைச் சிந்திவிட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை போட்டி. முப்பத்தாறு வயதில் இதை விட்டால் வேறு கிடையாது என்பது எனக்கும் தெரியும். உன் பயிற்சியாளரின் நம்பரை மூன்று முறை அழுத்தி, மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். இந்த வீட்டில் தைரியம் முழுவதும் உன் பங்குக்குப் போய்விட்டது. நீயே அவரிடம் சொல்லிவிடு. டாக்டர் கடிதத்தையும் உள்ளே வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை உன் போனுக்குக் காத்திருப்பேன். வராவிட்டால் உன் பயிற்சியாளரிடம் நானே பேசிவிடுவேன். அதற்கப்புறம் நீ என்னோடு எத்தனை வருஷம் பேசாமல் இருந்தாலும் சரி. ஒருநாள் வாசலில் வந்து நின்று என்னை முறைத்துப் பார். இரண்டு கண்ணாலும் பார். எனக்கு அது போதும்டா.

நன்றாக இரு.

உன் அக்கா