எலக்ட்ரீஷியன் சொன்ன லோடு

என் பிரியமான மனைவிக்கு,

நான் சுகம். நீ, அம்மா, சின்னவள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும்.

அறையில் நாங்கள் நான்கு பேர். லாரிக்காரருக்கு லோடு என்றால் சரக்கு. சலவைக் கடைக்காரருக்கு மெஷினில் ஒருமுறை போடும் துணி. கம்ப்யூட்டர்காரர் திரையில் சுற்றும் வட்டத்தைக் காட்டி, "இன்னும் லோடு ஆகலைங்க" என்கிறார். கிரேன் ஓட்டும் எனக்கோ, கொக்கியில் தொங்குவது. விடுப்பில் வந்தபோது இதை உனக்கு விளக்கினேன், பாதியிலேயே தூங்கிவிட்டாய்.

இப்போது நம் வீட்டு வயரிங் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், மிக்ஸியும் ஃபேனும் சேர்ந்து இழுக்கும் கரண்டுதான் லோடு என்று சொன்னதை ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். கடிதத்தில் அவர் ஐந்து இடத்தில் வருகிறார். நான் உறையின் மேல் மட்டும் வருகிறேன். பொறாமை இல்லை, லேசாக வயிறு எரிகிறது, அவ்வளவுதான்.

நேற்று இதையே நினைத்து, கம்பிக்கட்டு கொக்கியில் தொங்க, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "இறக்குய்யா, சாப்பிடப் போகணும்" என்று கீழிருந்து மேஸ்திரி கத்தினார். பயப்படாதே, யாருக்கும் ஒன்றுமில்லை.

மணி அடித்துவிட்டது, ஓட வேண்டும். புது ஸ்விட்ச் போர்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. பக்கத்தில் நீ நில். கை நடுங்கினாலும் பரவாயில்லை, அம்மாவே எடுக்கட்டும்.

உன் கணவன்