மேல்காணிச் சொந்தக்காரரின் சம்மதம்

மாத்தளை
நவம்பர் 18

அன்புள்ள தம்பி றம்ஸிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கத்தார் வெயிலில் நீயும் உன் வேலையும் அல்லாஹ்வின் காவலில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். ஜுனைதீன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் இந்தப் பேச்சைத் தொடங்கினாலே நீ வைத்துவிடுகிறாய், இப்போது எடுப்பதும் இல்லை. காகிதமென்றால் கடைசிவரை வாசிப்பாய் என்று நினைக்கிறேன்.

உன் புது வீட்டை வாரம் தவறாமல் கூட்டிப் பெருக்குகிறேன். ஜன்னல்களுக்குப் பெயின்ட் அடித்தாயிற்று. பின்பக்கத்து நிலத்தில் ஒரு வெடிப்பு ஓடுகிறது. முதலில் விரல்தான் நுழைந்தது. போன வாரம் மகள் அஸ்ராவின் செருப்பு அதற்குள் விழுந்துவிட்டது, கம்பு விட்டுத் துழாவியும் எட்டவில்லை.

மழை விட்டபாடில்லை. வீட்டுக்கு இடம் எடுக்க நீ மெஷின் போட்டு வெட்டிய மேட்டின் அடியிலிருந்து தண்ணீர் கசிகிறது. முன்பு தெளிவாக வந்தது, இப்போது தேத்தண்ணி நிறத்தில் வருகிறது. அதற்கு நேர் கீழே எங்கள் வீடும் அழகையா அண்ணனின் வீடும்தான். அதனால்தான் அவருடைய மனைவி புஷ்பவதியும் நானும் ஒழுங்கையில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கி, மண்ணைத் தாங்க ஒரு மதிலும் தண்ணீர் போக வடிகானும் கட்டித் தரும்படி மாநகர சபைக்கு மனுக் கொடுத்தோம்.

மனுவை ஒரு மூலையில் போட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அப்படியில்லை. அந்தக் கிழமையே தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்தார். சிங்கள ஆள், பொறுமையான மனிதர். சேற்றில் இறங்கி அளந்துவிட்டு, சபையின் முறையை எங்களுக்கு விளக்கினார். வடிகான் போகிற காணிக்காரர்கள் எல்லோரும் இடம் விடுவதாகக் கையெழுத்து வைக்க வேண்டுமாம். வைத்தால் கூட்டத்தில் எடுப்பார்களாம். ஒருவர் மறுத்தாலும் தனியார் காணிக்குள் சபை மண்வெட்டி போட முடியாது, வேலை வேறு வீதிக்குப் போய்விடும் என்றார். பிறகு மேட்டை நிமிர்ந்து பார்த்து, இதை வெட்டியது யார் என்று கேட்டார். அழகையா அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் முகத்துக்காகத்தான் எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். நானே சொன்னேன், "என் தம்பிதான் மாத்தயா" என்று.

அன்றைக்கு அந்தக் கையெழுத்தைக் கேட்டுத்தான் உன்னோடு கடைசியாகப் பேசினேன். "காணி உறுதிப் பத்திரம் இல்லாத ஆளுக்காக என் கேட் வாற எடத்த வெட்டிக் குடுக்கச் சொல்றீங்களா ராத்தா?" என்று கத்தினாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது தம்பி. அழகையா அண்ணன் என் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அன்று பின்னேரமே மழை கொட்டத் தொடங்கியது, மேடு சரிந்துவிடும் போலிருந்தது. பக்கவாதம் வந்ததிலிருந்து உன் மச்சானால் படி இறங்க முடியாது என்பது உனக்குத் தெரியும். அழகையா அண்ணன் நனைந்துகொண்டு வந்து அவர் கட்டிலருகே குனிந்தார். "நானாவ என் முதுகுல ஏத்துங்க தங்கச்சி, நீங்க கொடையப் புடிங்க" என்றார். மிளகுக் கடையில் மூட்டை தூக்குகிற உடம்பு அது. பள்ளிவாசல் மண்டபம் வரை ஒரே மூச்சில் சுமந்து போனார். அதன் பிறகு பெருமழை பெய்த ஒவ்வொரு நாளும் இதுதான் நடந்தது. மச்சான் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுவார், அவர் கவனிக்காதது போல நடப்பார்.

போன கிழமை சபைக் கூட்டம் நடந்தது. மேல்காணிச் சொந்தக்காரரின் சம்மதம் இல்லாததால் எங்கள் மனுவை ஒத்திவைத்துவிட்டார்கள். அந்த உத்தியோகத்தர் மாத்தயாவே போன் எடுத்துச் சொன்னார். உன் கையெழுத்து வந்தால் அடுத்த கூட்டத்தில் முதலாவதாக எடுக்கச் சொல்வதாகவும், மதில் எழும்பும் வரை அந்த வீடுகளில் இருக்கவே வேண்டாம் என்றும் சொன்னார். ஒழுங்கையின் கீழ்ப்பக்கத்தார் உறவுக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் எங்கே போவது? மண்டபத்தில் ஓர் இரவு தங்கலாம். படுக்கையில் கிடக்கிற மனிதரை வைத்துக்கொண்டு அங்கேயே குடியிருக்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை பகல், மழைகூட இல்லை, அழகையா அண்ணனின் குசினிச் சுவர் உள்பக்கமாக விழுந்தது. புஷ்பவதி கடைக்குப் போயிருந்தாள். அவர் உள்ளே இருந்தார். உயிர் பிழைத்துவிட்டார், இடுப்பு முறிந்துவிட்டது. கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். கண்ணைத் திறந்ததும், "இனி நானாவ யாரு தூக்குவாங்க தங்கச்சி?" என்று கேட்டார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. புஷ்பவதி என்னைக் கண்டதும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

ஒழுங்கையின் இந்தப் பக்கத்தில் இப்போது எங்கள் வீட்டில் மட்டும்தான் விளக்கு எரிகிறது. மழை வந்தால் கூப்பிடச் சொல்லிப் பள்ளிவாசல்காரர்கள் நம்பர் தந்திருக்கிறார்கள். மழை பலத்தால் சிக்னல் போய்விடுகிறது. "நீ புள்ளையோட போ, என்ன விட்டுரு" என்றார் மச்சான். கட்டிய மனிதரை விட்டுவிட்டு நான் எப்படிப் போவேன்?

சம்மதப் பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து வைத்து, படம் எடுத்து அந்த மாத்தயாவுக்கு அனுப்பு. நம்பர் பின்பக்கத்தில் இருக்கிறது. உன் கேட்டை வேறு பக்கம் வைக்கலாம் தம்பி.

அஸ்ராவை நேற்று தம்புள்ளைக்கு, ஜஸ்லா சாச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அங்கே ஒரு பிள்ளைக்குத்தான் இடம் இருக்கிறது. "ஏன் உம்மா எல்லா உடுப்பையும் மடிச்சு வெக்கிறீங்க?" என்று கேட்டாள். கொஞ்ச நாள் தங்க வேண்டி வரும் என்றேன். பிறப்புச் சான்றிதழையும் அவளுடைய காதணியையும் பையின் அடியில் வைத்துத் தைத்திருக்கிறேன், சாச்சிக்குத் தெரியும். உன் நம்பரை அஸ்ராவுக்குப் பாடமாக்கிக் கொடுத்தேன், பார்க்காமலே சொல்கிறாள். நான் கூப்பிட்டால் நீ பேசாமல் இரு, பரவாயில்லை. அவள் கூப்பிட்டால் மட்டும் எந்த வேலையில் இருந்தாலும் பேசு. அவளுக்கு மாமா என்று நீ ஒருவன்தான்.

உன்னையும் உன் பிள்ளைகளையும் அல்லாஹ் எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். உன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பிறகு என்ன நடந்தாலும் இதை நினைத்துக்கொள்.

உன் ராத்தா,
கைறுன்னிஸா