ஆடாத ஊஞ்சல்

எந்த உலகத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாயோ, என் அக்காவுக்கு,

போன மாதம் தரமணியிலிருந்து ஒரு மென்பொருள் கம்பெனியின் மேலாளர் நம் அபிராமபுரம் பட்டறைக்கு வந்தார். ஆபீஸ் வரவேற்பறைக்கு நீ வடிவமைத்த ஊஞ்சல் வேண்டுமாம். பித்தளைச் சங்கிலி, ஓரத்தில் யாளி முகம், எல்லாம் அப்படியே. ஒரே ஒரு நிபந்தனை, அது ஆடக் கூடாது.

"யாராவது இடிச்சுக்கிட்டா எங்களுக்குத்தான் பிரச்சினை மேடம். அடியில கம்பி குடுத்து தரையோட முடுக்கிடுங்க."

நம் ஆசாரி ஏழுமலைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இன்னா சார், ஊஞ்சலைக் கட்டிப்போட்டா அது பெஞ்சுதானே? பெஞ்சையே வாங்கிக்கினு போ சார்." அவருக்கென்ன, சிரித்துவிட்டு இழைக்கப் போய்விட்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

கோபித்துக்கொள்ளாதே, உண்மையைச் சொல்கிறேன். நீ போனதிலிருந்து உன் ஊஞ்சலுக்குள்தான் நான் அடைபட்டுக் கிடக்கிறேன். அடையாறு காபிக் கடைக்கும் அதுதான், தி.நகர் பட்டுக் கடைக்கும் அதுதான். புதிதாக எதைக் காட்டினாலும், "அக்கா டிசைன் மாதிரி வராதுங்க" என்கிறார்கள். உன் ஊஞ்சல் அழகில்லை என்று யார் சொன்னது? ஆனால் தமிழ்நாடு என்றால் யாளியும் தூணும் மட்டும்தானா அக்கா?

நான் ஒரு நாற்காலி செய்திருக்கிறேன், நீ பார்த்ததில்லை. செதுக்கல் ஒன்றும் கிடையாது. கைப்பிடி இல்லை, பிரம்புப் பின்னல், உட்காரும் இடம் நல்ல அகலம். நம்மவர்கள் ஆபீஸில்கூட ஒரு காலை மடக்கி மேலே வைத்துக்கொண்டுதானே உட்காருகிறார்கள்? அந்தக் காலுக்கு இடம் விட்டுச் செய்தேன். அதில்தான் அந்த மேலாளரை உட்காரவைத்திருந்தேன்.

"இந்த நாற்காலியையும் பாருங்க சார்" என்றேன்.

தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா இதுல தமிழ்நாடு எங்க இருக்கு?"

ஷூவை எப்போது கழற்றினாரோ தெரியாது. கேட்கும்போதே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஊஞ்சல் ஆர்டரையே எழுதிக்கொண்டேன். பட்டறையில் எல்லாருக்கும் வேலை வேண்டும் என்பது ஒரு காரணம். உன் ஊஞ்சலை வேண்டாமென்றால் உன்னையே வேண்டாமென்றது போலாகிவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிது. சரி சார் என்று தலையாட்டிவிட்டேன்.

இன்று காலை அவர்கள் ஆபீஸில் ஏழுமலை கம்பியை முடுக்கி முடித்தார். நான் அதில் உட்கார்ந்து காலால் உந்திப் பார்த்தேன். அசையவே இல்லை. அத்தனை பேர் நடமாடும் இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? கம்பியைப் பிடுங்கியிருப்பாயா, என்னைத் திட்டியிருப்பாயா?

இனி கட்டிப்போடுவதற்கென்று உன் ஊஞ்சலை யாருக்கும் தர மாட்டேன், இது சத்தியம். அடுத்து வருகிறவரையும் என் நாற்காலியில்தான் உட்காரவைப்பேன். அதே கேள்வியை அவரும் கேட்பார். "குனிஞ்சு உங்க காலைப் பாருங்க சார்" என்று இந்த முறை சொல்லிவிடுவேன்.

இன்னமும் உனக்குப் பயப்படும் தங்கை,
பார்வதி