அப்பா ருசித்த ஐஸ் சைடர்

அன்பு மகளுக்கு,

உன் கணவர் தன் கியூபெக் தோட்டத்தில் செய்து அனுப்பிய ஐஸ் சைடர் மதுப் போத்தலை அப்பா மூன்று வருடங்களாகத் திறக்கவிடவில்லை. தன்னை மீறி நீ கலியாணம் கட்டிய கோபம் அவருக்கு.

அப்பாவின் கடைசி நாள் பின்னேரம், எங்கள் மல்வேர்ன் வீட்டில், அவருக்குத் தண்ணீரும் இறங்கவில்லை. விருப்பமானதை நாக்கில் தடவலாம் என்று நேர்ஸ் சொன்னார். நான் அவரிடம் கேட்காமலே அந்தப் போத்தலைத் திறந்து, பஞ்சில் நனைத்துத் தடவினேன்.

கண்ணை மூடி வெகுநேரம் சுவைத்தார்.

“தேன் மாதிரி இனிக்குது. பிறகு புளிச்சு, தொண்டையில சுடுது. என்னப்பா இது?”

“பனியில உறைஞ்ச ஆப்பிளில உங்கட மருமகன் செய்தது.”

கோபிப்பார் என்று நினைத்தேன்.

“உவன் கெட்டிக்காரன்தான். இன்னும் கொஞ்சம் தா,” என்றார். பிறகு, “பிள்ளைக்குப் போன் எடு. நான் கதைக்கவேணும்.”

நீ அழுதால் அவர் தாங்கமாட்டார் என்று பயந்து, “நாளைக்கு எடுப்பம்,” என்றேன். இருட்டுவதற்குள் போய்விட்டார்.

செத்தவீட்டில் நீ என் கையைப் பிடித்து, “அப்பா என்னைக் கேட்டவரோ?” என்றாய். இல்லை என்றேன்.

கேட்டவர், பிள்ளை. நான்தான் உனக்குப் போன் எடுக்கவில்லை.

உன் அம்மா